சிறிய டைனோசர் கட்டுமான செட்டை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நூற்றைம்பதோ இருநூறோ பிளாஸ்டிக் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திக் கட்டும் ஒரு சிறிய டைனோசர் பொம்மை செட்டைக் கட்டி முடிக்க ஒரு மணி நேரம் போதும். அது நல்ல செட்தானா என்று சொல்ல அந்த ஒரு மணி நேரம் போதாது. பெட்டியின் மேலுள்ள படத்தைப் போல வந்துவிட்டதா என்று பார்த்து, ஒரு புகைப்படம் எடுத்து, அன்றைக்கே மதிப்பெண்ணும் போட்டுவிடுவதுதான் இதில் எல்லோரும் செய்கிற முதல் தவறு. அலமாரியில் வைக்கும் கட்டடமாக இருந்தால் அந்த மதிப்பெண் ஓரளவு செல்லும். டைனோசர் ஒரு விலங்கு. அது நிற்க வேண்டும், தலையைத் திருப்ப வேண்டும், வாயைத் திறக்க வேண்டும், குழந்தையின் கையிலிருந்து நாலு முறை விழுந்தாலும் சிதறாமல் எழ வேண்டும். எனவே இத்தகைய செட்டின் தரத்தைத் தோற்றத்தைவிட மூட்டுகளே முடிவு செய்கின்றன என்பது என் கருத்து.

இரண்டாவது தவறு, விலையைத் துண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்து, அந்த ஓர் எண்ணோடு நிறுத்திக்கொள்வது. மேலே புடைத்திருக்கும் குமிழ் ஒன்று மட்டுமே உள்ள மெல்லிய தகடும் ஒரு துண்டுதான். எட்டுக் குமிழ்கள் உள்ள முழுக் கட்டையும் ஒரு துண்டுதான். இவ்வகைக் கட்டைகளைத் தயாரிக்கும் லெகோ நிறுவனத்தின் அளவுகளின்படி ஒரு குமிழின் மையத்திலிருந்து அடுத்த குமிழின் மையம் வரை 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர், தகட்டின் உயரம் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 3.2 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால், ஒரு முழுக் கட்டை பிடிக்கும் இடத்தை நிரப்ப அந்த ஒற்றைக் குமிழ்த் தகடுகள் 24 வேண்டும். எடையில் பார்த்தால் முன்னது சுமார் 2.3 கிராம், பின்னது சுமார் 0.2 கிராம். டைனோசர் செட்களில் பல், நகம், கண், முதுகு முள் என்று பொடித் துண்டுகள் ஏராளமாக வருவதால், எண்ணிக்கை மிக எளிதாக ஊதிவிடும். அதற்காகப் பொடித் துண்டுகளைக் குறைவாக மதிக்கவும் கூடாது. முகத்துக்கு உயிர் கொடுப்பவை அவைதான். எண்ணிக்கையைச் சொல்லும்போது, அதில் உடலைக் கட்டுபவை எவ்வளவு, அலங்கரிப்பவை எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொன்னால் வாசிப்பவருக்குப் பயன்படும். பெட்டியின் பருமனைப் பார்த்து ஏமாறுவதும் இதே இனத்துத் தவறுதான். உள்ளே பாதிக்கு மேல் காற்றாக இருப்பது அபூர்வமில்லை.

மூட்டுகளுக்கு வருவோம். பள்ளி உயிரியல் புத்தகத்தில் படித்த பந்துக் கிண்ண மூட்டும் கீல் மூட்டும் அப்படியே இந்தப் பொம்மைகளிலும் உண்டு. பந்துக் கிண்ண மூட்டு எல்லாத் திசையிலும் திரும்பும். ஆனால் அதை அந்த நிலையிலேயே நிறுத்தி வைப்பது கிண்ணத்துக்கும் பந்துக்கும் இடையிலுள்ள உராய்வு மட்டுமே. கீல் மூட்டு ஒரே தளத்தில்தான் அசையும். அதில் பல் வைத்த வகை ஒன்று உண்டு, ‘கடக் கடக்’ என்று படிப்படியாக நகர்ந்து, ஒவ்வொரு படியிலும் உறுதியாக நிற்கும். கழுத்து, வால், கை ஆகியவற்றில் பந்து மூட்டு இருப்பது நல்லது. இடுப்பில் எது இருக்கிறது என்பதே முக்கியமான கேள்வி. இரண்டு காலில் நிற்கும் டைரனோசாரஸின் மொத்த எடையும் அந்த இரண்டு மூட்டுகளில்தான் இறங்குகிறது. அங்கே ஒரு சாதாரணப் பந்து மூட்டை மட்டும் வைத்திருந்தால், கட்டிய அன்று கம்பீரமாக நிற்கும். கிண்ணம் சற்றுத் தளர்ந்த பிறகு மெல்லத் தலை கவிழும். நான் ஒருமுறை அப்படி ஒன்றைப் பாராட்டி எழுதிவிட்டு உறங்கப் போனேன். காலையில் அது மூக்கைத் தரையில் ஊன்றி, வாலை மேலே தூக்கிக்கொண்டு, எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவதைப் போல நின்றது. அன்றிலிருந்து ஓர் இரவு மேசைமேல் நிற்க விடாமல் எந்த இருகால் டைனோசரையும் பற்றி எழுதுவதில்லை.

‘வால் தரையில் படுகிறதே, உறுதியாகத்தானே நிற்கிறது’ என்று சிலர் சொல்வதுண்டு. அங்கேதான் பொறியியலும் தொல்லுயிரியலும் சந்திக்கின்றன. நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 1915-இல் நிறுத்தப்பட்ட டைரனோசாரஸ் எலும்புக்கூடு நிமிர்ந்து நின்று, வாலைத் தரையில் இழுத்துக்கொண்டிருந்தது. அந்த நிலை தவறு என்பது பிற்கால ஆய்வுகளில் தெளிவானதால் 1990-களில் அதைப் பிரித்து, முதுகும் வாலும் தரைக்கு இணையாக இருக்கும்படி மாற்றிப் பொருத்தினார்கள். உண்மையான விலங்கின் உடல் இடுப்பைத் தாங்குபுள்ளியாகக் கொண்ட துலாக்கோல் போன்றது: முன்புறம் கனத்த தலையும் மார்பும், பின்புறம் அவற்றைச் சரிக்கட்டும் நீண்ட வால். பொம்மையில் வாலைத் தரையில் ஊன்றினால் அது மூன்றாவது காலாகிவிடும். வடிவமைப்பாளரின் வேலை பாதியாகக் குறைந்துவிடும். எனவே வாலை ஊன்றாமல், இரண்டு பாதங்களில் மட்டும் சமநிலையில் நிற்கும் செட்டுக்கு ஒரு படி கூடுதல் மதிப்புக் கொடுப்பதே நியாயம். சோதிப்பதும் எளிது. வாயை முழுவதுமாகத் திறந்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, ஒரு காலைச் சற்று முன்னே வைத்துப் பாருங்கள். பெட்டியில் அச்சிட்ட ஒரே ஒரு நிலையில் மட்டும் நிற்பது, நிற்கிறது என்ற கணக்கில் சேராது.

தலை பெரிதாக இருக்கிறது, உடல் விகிதம் சரியில்லை என்று குறை கூறுவது மிகப் பரவலான தவறு. கொஞ்சம் அளந்து பார்த்தால் இதன் காரணம் விளங்கும். வளர்ந்த டைரனோசாரஸின் நீளம் ஏறத்தாழ 12 மீட்டர். பெரிய மண்டையோடுகள் ஒன்றரை மீட்டர் வரை நீள்கின்றன. பொம்மையின் மொத்த நீளம் 20 சென்டிமீட்டர் என்றால், தலைக்குக் கிடைப்பது வெறும் இரண்டரை சென்டிமீட்டர், அதாவது மூன்று குமிழ்கள். அந்த மூன்று குமிழ் இடத்துக்குள் கண், பல்வரிசை, திறந்து மூடும் தாடை, கழுத்து மூட்டு ஆகிய நான்கையும் அடக்க வேண்டும். அதனால்தான் சிறிய செட்களில் தலையைச் சற்றுப் பெருக்கிவிடுகிறார்கள். அதைக் குறையாக எழுதுவதற்கு முன், பெருக்கியதற்குப் பலனாக என்ன கிடைத்தது என்று பார்க்க வேண்டும். தாடை அசைந்தால் அந்தப் பேரம் நல்ல பேரம். தலையும் பெரிது, வாயும் திறக்காது என்றால் தாராளமாகக் குறை சொல்லலாம். செட்டில் வரும் சிறு மனித உருவத்தை வைத்து அளவுப் பொருத்தம் பார்ப்பதும் இங்கே சரிவராது. அந்த உருவத்தின் உயரம் சுமார் 4 சென்டிமீட்டர். அதை ஒரு சராசரி மனிதராகக் கொண்டால் டைரனோசாரஸ் 28 சென்டிமீட்டர் நீளம் இருக்க வேண்டும். சிறிய செட்டிடம் அதை எதிர்பார்ப்பது வீண்.

அறிவியலை வைத்து மதிப்பிடுவோர் இரண்டு எதிரெதிர்ப் பக்கங்களில் வழுக்குகிறார்கள். ஒரு சாரார் எதையுமே கேட்பதில்லை. பறக்கும் டெரோடாக்டைலைப் பெட்டி டைனோசர் என்றால் அவர்களும் டைனோசர் என்கிறார்கள்; அது டைனோசர்களுக்கு நெருங்கிய உறவினமான பறக்கும் ஊர்வன வகையைச் சேர்ந்தது. முதுகில் பாய்மரம் போன்ற துடுப்புடைய டைமெட்ரோடானும் டைனோசர் இல்லை. முதல் டைனோசர்கள் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்பே அது அழிந்துவிட்டது. ஸ்டெகோசாரஸும் டைரனோசாரஸும் சண்டையிடும் காட்சி ஒரு செட்டில் இருந்தால் குழந்தைகள் மகிழ்ந்து விளையாடட்டும். ஆனால் முன்னது சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன்பும், பின்னது 6.8 முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பும் வாழ்ந்தவை என்பதை மதிப்பீட்டில் ஒரு வரி எழுதிவிடலாம். காலக் கணக்கில் டைரனோசாரஸ் ஸ்டெகோசாரஸைவிட நமக்குத்தான் பக்கம்.

மறு சாரார் தேவைக்கு மேல் கேட்கிறார்கள். டைரனோசாரஸ் கரும்பச்சையில் இருப்பது தவறு என்று அடித்துச் சொல்வோரைப் பார்த்திருக்கிறேன். அதன் நிறம் என்னவென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. சில சிறிய டைனோசர்களின் இறகுகளில் நிறமி நுண்ணுறுப்புகளின் தடயம் கிடைத்ததால் அவற்றின் நிறத்தைக் கணிக்க முடிந்தது. சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற சிறிய டைனோசரின் வாலில் செம்பழுப்பும் வெளிர் நிறமுமாகப் பட்டைகள் இருந்தன என்று 2010-இல் வெளியான ஆய்வு அப்படி வந்ததுதான். ஆகவே நிறத்தை விட்டுவிட்டு, உருவம் சார்ந்த அடையாளங்களைப் பார்ப்பது பொருத்தம்: டைரனோசாரஸுக்குக் கையில் இரண்டு விரல்கள், டிரைசெராடாப்ஸுக்கு மூன்று கொம்புகளும் கிளி மூக்குப் போன்ற அலகும், பிராக்கியோசாரஸுக்குப் பின்னங்கால்களைவிட நீண்ட முன்னங்கால்கள். இவற்றைச் சில துண்டுகளிலேயே காட்டிவிட முடியும் என்பதால், தவறவிட்ட செட்டைக் கேள்வி கேட்கலாம்.

ஒரே பெட்டியிலுள்ள துண்டுகளைக் கொண்டு இரண்டு மூன்று விலங்குகளைக் கட்டும் செட்களில் முதல் விலங்கை மட்டும் கட்டிவிட்டு மதிப்பெண் போடுவது எனக்கு உண்மையிலேயே எரிச்சலூட்டும் தவறு. 2017-இல் லெகோ வெளியிட்ட 174 துண்டு டைனோசர் செட்டில் டைரனோசாரஸைப் பிரித்து டிரைசெராடாப்ஸாகவோ டெரோடாக்டைலாகவோ மாற்றிக் கட்டலாம். இத்தகைய செட்களில் பெட்டி முகப்பில் வரும் விலங்குக்காகத்தான் துண்டுகள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. மற்றவை இருப்பதைக் கொண்டு சமாளித்துக் கட்டப்படுபவை. சில சமயம் அந்தச் சமாளிப்பில்தான் வடிவமைப்பாளரின் கெட்டிக்காரத்தனம் தெரியும்: முதல் விலங்கில் நகமாக இருந்த துண்டு அடுத்ததில் கொம்பாகி நிற்கும். மூன்றையும் கட்டிப் பார்த்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு துண்டு மிஞ்சுகிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கால்வாசிக்கு மேல் மிஞ்சினால் மாற்று விலங்கு ஒப்புக்குச் சேர்க்கப்பட்டது என்று கொள்ளலாம். ஒரே நேரத்தில் மூன்றும் நிற்காது என்பதையும் எழுதிவிடுங்கள்; அறியாமல் வாங்கிய பெற்றோர் பட்டபாடு எனக்குத் தெரியும்.

மாற்றிக் கட்டுவதற்கு இன்னொரு பயனும் உண்டு: துண்டுகளின் பிடிப்பு அப்போதுதான் தெரியும். மேல் குமிழும் கீழுள்ள உட்குழாயும் சுவரும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்கும் அமைப்புக்கு லெகோ 1958-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. அந்த உரிமையின் காலம் முடிந்துவிட்டதால் இன்று பல நிறுவனங்கள் அதே அளவில் கட்டைகளைத் தயாரிக்கின்றன. பெயரைப் பார்த்தே உயர்வென்றும் மட்டமென்றும் முடிவு கட்டுவது சோம்பேறித்தனம். கட்டிய விலங்கை வாலைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். வால் மட்டும் கையோடு வந்தால் பிடிப்புக் குறைவு. பிரிக்கும்போது நகம் வலித்தால், பல்லால் கடித்துப் பிரிக்கத் தோன்றினால், பிடிப்பு அளவுக்கு மீறியது. குழந்தையும் பல்லால்தான் பிரிக்கப் பார்க்கும். மூன்று முறை கட்டிப் பிரித்த பிறகும் பிடிப்பு மாறாமல் இருக்கிறதா என்பதே கேள்வி.

வழிகாட்டிப் புத்தகத்தில் கறுப்பும் கரும்பழுப்பும் பிரித்தறிய முடிகிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளவும். கண்கள் அச்சிட்டவையா, ஸ்டிக்கரா என்பதையும் குறிப்பிடவும். ஸ்டிக்கர் உரிந்தால் விலங்கு குருடாகிவிடும்.

பெட்டியில் அச்சிட்ட வயது எண்ணை வெறும் திறமைக் கணக்காகப் பார்ப்பது ஆபத்தான தவறு. ‘என் பிள்ளை கெட்டிக்காரன், இரண்டு வயதிலேயே கட்டுவான்’ என்பது அந்த எண்ணுக்கு மறுமொழி ஆகாது. மூன்று வயதுக்கு உட்பட்டோருக்கு உகந்ததல்ல என்ற எச்சரிக்கை, துண்டு தொண்டையில் சிக்கும் அபாயத்தைப் பற்றியது. பொம்மைப் பாதுகாப்புச் சோதனையில் சுமார் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளைக்குள் முழுவதும் அடங்கிவிடும் எதுவும் சிறு துண்டாகவே கொள்ளப்படும். சிறிய டைனோசர் செட்டின் பெரும்பாலான துண்டுகள் அதற்குள் அடங்கிவிடும். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால், நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரு மடங்காக வரும், லெகோவின் டூப்ளோ வகைக் கட்டைகளே பொருத்தம்.

துண்டு குறைகிறது என்று அவசரப்பட்டுப் புகார் எழுதுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும்; அந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன். வால் நுனியில் பொருத்த வேண்டிய கூம்பு ஒன்று கிடைக்கவில்லை என்று காட்டமாக எழுதியும் விட்டேன். இரண்டு நாள் கழித்து, குப்பையில் போடப் போன உறையின் மடிப்பு மூலையில் அது ஒட்டிக்கொண்டிருந்தது. உறைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது, ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்ட துண்டுகள் உள்ளனவா என்று தேடுவது, முந்தைய படிகளில் ஒன்றுக்கு இரண்டாக வைத்துவிட்டோமா என்று சரிபார்ப்பது ஆகிய மூன்றும் முடிந்த பிறகே புகார். கடைசியில் சில பொடித் துண்டுகள் மிஞ்சினால் பதற வேண்டாம். தொலைந்துபோகக்கூடியவை என்று தெரிந்தே உபரியாகப் போட்டிருப்பார்கள்.

கைமாறி வரும் பழைய செட்டுக்கு அளவுகோல் வேறு. வெயில் பட்டு மஞ்சளித்த வெள்ளை, கடித்த தடம், தளர்ந்த கிண்ணம் ஆகியவற்றைத் தனித்தனியே பார்க்க வேண்டும். அழுக்கு ஒரு குறையே இல்லை. 40 டிகிரி செல்சியசுக்கு மிகாத வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடும். கொதிநீரில் போட்டால் துண்டு வளைந்து, பிறகு எந்தக் குமிழிலும் உட்காராமல் போகக்கூடும். பழைய செம்பழுப்புத் துண்டுகள் சில பொரபொரவென்று உடையும் தன்மை கொண்டவை. எனவே பழைய டைனோசரின் காலைப் பிரிக்கும்போது அவசரம் வேண்டாம். ‘டக்’ என்று சத்தம் கேட்டால், பிரிந்ததா உடைந்ததா என்று கிண்ணத்தின் விளிம்பை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அடுத்த காலில் கை வையுங்கள்.