ஆப்பிள் கன்று வைக்கிறீர்களா? அன்னா ரகத்தைத் தனியாக வைக்காதீர்கள்

கோபி, தாளவாடி, பொள்ளாச்சி என்று எந்தப் பக்கம் போனாலும் யாராவது ஒருவர் தோட்டத்தில் ஆப்பிள் கன்று வைத்திருக்கிறார். ஆரம்பத்தில் நாங்கள் பட்ட பாட்டையே புதியவர்களும் படுகிறார்கள். குழி, தொழு உரம், தண்ணீர் பற்றி இங்கே எழுதவில்லை. தென்னையும் எலுமிச்சையும் வைத்த கைகளுக்கு அதெல்லாம் தெரியும். ஆப்பிளில் செய்யும் தவறுகள் மட்டும் கீழே.

ஒரே ரகத்தை மட்டும் வைப்பது

இதைப் பார்த்தால் இன்னும் எனக்கு ஆத்திரம் வரும். சத்தியமங்கலம் பக்கம் ஒரு அண்ணன் தோட்டத்தில் வரிசை முழுக்க அன்னா. “ஒரே ரகமா வைங்க, ஒண்ணாக் காய்க்கும்” என்று சொல்லி விற்றிருக்கிறார் நர்சரிக்காரர். மரம் பூத்தது, நன்றாகவே பூத்தது. அண்ணன் ஒரு கொத்தை வளைத்துக் காட்டினார். இதழ் உதிர்ந்த காம்பெல்லாம் மஞ்சளாகியிருந்தது. விரல் பட்டதும் கழன்று உள்ளங்கையில் விழுந்தது. “ஏனுங்க தம்பி, போரான் பத்தலீங்களா?” என்றார். அதற்குள் போரானும் ஹார்மோன் மருந்தும் வாங்கித் தெளித்துக் காசைக் கரைத்திருந்தார்.

குறை சத்தில் இல்லை. ஆப்பிள் பூ தன் ரகத்து மகரந்தத்தைப் பெரும்பாலும் ஏற்காது. ஒரு ரகத்து ஒட்டுக்கன்றுகள் எல்லாம் ஒரே தாய்மரத்துக் குச்சியிலிருந்து வந்தவை. நூறு மரம் நட்டாலும் மகரந்தக் கணக்கில் ஒரே மரம்தான்.

அன்னா இஸ்ரேலின் ஐன் ஷெமர் கிப்புத்சில் (கூட்டுப்பண்ணைக் கிராமம்) அப்பா ஸ்டைன் என்பவர் உருவாக்கிய கலப்பினம். ரெட் ஹதாசியாவையும் கோல்டன் டெலிஷியஸையும் கலந்து வந்தது. ஆப்பிள் மரம் குளிரில் தூங்கி எழுந்துதான் பூக்கும். 7 டிகிரிக்குக் கீழே சுமார் 200 முதல் 300 மணி நேரக் குளிர் இதற்குப் போதும். மலைநாட்டு ரகங்கள் பலவற்றுக்கு 1,000 மணி நேரம் வரை வேண்டும். அதே சமயத்தில் பூத்து மகரந்தம் தருவது பஹாமாஸ் தீவில் கிடைத்த டார்செட் கோல்டன் ரகம். ஐன் ஷெமர் என்ற ரகமும் சரிப்படும்.

ஏற்கெனவே நட்டுவிட்டவர்கள் மரத்தைப் பிடுங்க வேண்டாம். வரிசையில் அங்கங்கே ஒரு மரத்துக் கிளையில் டார்செட் குச்சியை ஒட்டுக்கட்டுங்கள். அப்புறம், பூவில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். தேனீ வராவிட்டால் இரண்டு ரகம் இருந்தும் வீண்.

விதை போட்டு வளர்ப்பது

வேண்டாம். தாய்ப்பழம் திரும்ப வராது.

இலை தானாக உதிரட்டும் என்று காத்திருப்பது

மார்கழியிலும் கோயம்புத்தூர்ச் சமவெளியில் 7 டிகிரி வராது. மரம் தூங்காமல் பழைய இலையோடு நிற்கும். இந்தோனேசியாவில் மாலாங் அருகே பாத்து வட்டாரத்தில், அறுவடை முடிந்ததும் இலைகளைக் கையால் உருவிவிடுவார்கள். அதன்பின் மொட்டு விடும். நமக்கும் அந்த வழிதான். மொட்டைக் கிள்ளிவிடாமல் இலையை மட்டும் உருவ வேண்டும்.

கடைச் சிவப்பை எதிர்பார்ப்பது

அன்னா நீளவாக்கான பழம். மஞ்சள் கலந்த பச்சைத் தோலில், வெயில் பட்ட பக்கம் மட்டும் சிவப்பு படரும். நம் இரவுச் சூட்டில் அதுவும் குறையும். நன்றாகச் சிவக்கட்டும் என்று மரத்திலேயே விட்டால் சதை மாவாகிவிடும். சரியான பதத்தில் பறித்தால் கறுக்கென்று கடிபடும். இனிப்போடு லேசான புளிப்பும் இருக்கும். வெளியில் வைத்தால் சீக்கிரம் தளர்ந்துவிடும். ஆகவே சிவப்பு படராத இடத்தில் தோல் பச்சையிலிருந்து மஞ்சளுக்குத் திரும்பியதும் பறித்து, அந்த வாரமே உழவர் சந்தையில் விற்றுவிடுங்கள்.