தாத்தாவின் துப்பாக்கியில் துரு எடுத்தேன்

பரணில் சாக்குக்குள் கிடந்தது தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி. குழலின் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் பழைய ரகம். உரிமம் அப்பா பெயரில் இருக்கிறது. முதலில் குழல்களுக்குள் குச்சி விட்டு, அதே குச்சியைக் குழலின் வெளிப்பக்கம் வைத்து அளந்தேன். குச்சி அடிவரை போயிருந்தது. உள்ளே பழைய மருந்து இல்லை. இதைப் பார்க்காமல் யாரும் கை வைக்கவே கூடாது.

தையல் மெஷின் எண்ணெய் பூசி ஒரு ராத்திரி ஊறவிட்டேன். அப்புறம் 0000 நம்பர் ஸ்டீல் உல்லால் (மிக மெல்லிய இரும்பு நார்) மெதுவாகத் தேய்த்தேன். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், கீறிவிடும். செந்துரு குழம்பாக வழிந்தது. துடைத்ததும் அடியில் காப்பிக்கொட்டை நிறம். அதைத் தொடவில்லை. வயசு ஏறி வந்த நிறம், அதுதான் அழகு. குதிரையில், அதாவது விசையை இழுத்தால் சுத்தி மாதிரி அடிக்கும் பாகத்தில், செதுக்கியிருந்த சின்ன இலைக்கொடி தெரிந்தபோது கண் கலங்கிவிட்டது.

துப்பாக்கியின் மரக்கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் இரண்டு பூச்சு. வார்னிஷ் அடிக்கவில்லை. இப்போது கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறோம்.