கருப்பைவாய்ப் புற்றுநோய் சுயபரிசோதனை: எங்கெல்லாம் தவறு நடக்கிறது?

சுயபரிசோதனை என்றதும், மார்பகத்தைக் கையால் தடவிப் பார்ப்பதுபோல ஏதோ ஒன்று என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இது அப்படி இல்லை. பஞ்சுக்குச்சியாலோ சிறு பிரஷாலோ பிறப்புறுப்புக்குள்ளிருந்து மாதிரியை நாமே எடுத்துக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். சோதிப்பது ஆய்வகம். அங்கே தேடுவதும் புற்றுநோயை அல்ல, அதற்குக் காரணமான எச்பிவி வைரஸை. இந்த வித்தியாசம் புரியாததால்தான் பாதித் தவறுகள் வருகின்றன.

உடலுறவுக்குப் பிறகு ரத்தம் கசிகிறதா? மாதவிடாய் நின்று வருடங்கள் கழித்து மறுபடியும் படுகிறதா? இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் படுகிறதா? அப்படியானால் மாதிரி எடுக்கத் தரும் இந்த கிட் உங்களுக்கானது இல்லை, நேராக டாக்டரிடம் போங்கள். இது அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கான சோதனை. தொந்தரவு இருக்கும்போது இதைச் செய்துவிட்டு, 'வைரஸ் இல்லை' என்ற தாளைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடுவது ஆபத்து.

இதற்கு நேர் எதிரான தவறு, 'எனக்குத்தான் ஒன்றுமில்லையே' என்று விட்டுவிடுவது. வைரஸ் தொற்றி அது புற்றுநோயாக மாற பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இன்னும் சீக்கிரம் ஆகலாம். அதுவரை வலி, கசிவு எதுவுமே இல்லாமல் இருக்கக்கூடும். ஒரே கணவர்தான், தடுப்பூசியும் போட்டாயிற்று என்பவர்களுக்கும் சோதனை தேவைதான். உடலுறவு மூலம் பரவும் இந்த வைரஸ் தொற்ற ஒரு துணை போதும். தடுப்பூசியும் எல்லா வகை எச்பிவியையும் தடுப்பதில்லை.

மாதிரி எடுப்பதில் பெரிய வித்தை இல்லை. குச்சி கருப்பைவாய் வரை போகவில்லையே என்று பயப்பட வேண்டாம், போகத் தேவையில்லை. அதற்காக வாசலோடு தடவிவிட்டு எடுத்துவிடவும் கூடாது. கிட்டில் சொன்ன ஆழத்துக்கு விட்டு, சொன்ன நேரம் வரை சுற்றுங்கள். குச்சியின் நுனியைக் கையாலோ மேசையிலோ படவிடாதீர்கள். மாதவிடாய் நாட்களைத் தவிர்ப்பது நல்லது. உள்ளே வைக்கும் மருந்தோ க்ரீமோ பயன்படுத்துபவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் கேட்டுக்கொண்டு செய்யட்டும். அப்புறம், குப்பியில் பெயரும் தேதியும் எழுத மறக்காதீர்கள். சிரிப்பு வரலாம், ஆனால் நன்றாக எடுத்த மாதிரியும் இந்த ஒரு காரணத்தால் வீணாகிவிடும்.

'மாதிரி போதவில்லை' என்று பதில் வந்தால் அது நெகட்டிவ் இல்லை, திரும்ப எடுக்க வேண்டும். நெகட்டிவ் என்றே வந்தாலும் ஆயுளுக்கும் அது போதாது. 30 வயதிலிருந்து 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறையும், எச்ஐவி உள்ளவர்கள் 25 வயதிலிருந்து 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் சோதிக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. நாட்டுக்கு நாடு இது கொஞ்சம் மாறும். பயத்தில் வருடாவருடம் செய்வதும் வேண்டாம். தானாகப் போகப்போகிற தொற்றைப் பிடித்துக்கொண்டு தேவையில்லாமல் அலைய நேரிடும்.

பாசிட்டிவ் வந்தால்? முதலில், அது புற்றுநோய் என்று அர்த்தமில்லை. பெரும்பாலான தொற்றுகளை உடல் ஓரிரு ஆண்டுகளில் தானே துரத்திவிடுகிறது. கணவரைச் சந்தேகப்பட்டுச் சண்டைக்கும் போகாதீர்கள். இந்த வைரஸ் பல வருடங்கள் சத்தமில்லாமல் உடலில் இருக்கக்கூடியது, எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் அத்தோடு விட்டுவிடுவதுதான், என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் பெரிய தவறு. கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம் எச்பிவியின் 16, 18 என்ற இரண்டு வகைகள். இவை இருந்தால் பல இடங்களில் நேரடியாகக் கால்போஸ்கோபிக்கு அனுப்புவார்கள், அதாவது கருப்பைவாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பது. மற்ற வகைகளுக்கு முதலில் பாப் ஸ்மியர், அதாவது கருப்பைவாயின் செல்களை எடுத்துப் பார்க்கும் சோதனை, கேட்கலாம். 'ஏற்கெனவே மாதிரி கொடுத்தேனே, மறுபடியும் எதற்கு?' என்று சிலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். நீங்களே எடுத்த மாதிரியில் வைரஸைத்தான் பார்க்க முடியும். கருப்பைவாயின் செல்கள் மாறியிருக்கின்றனவா என்று பார்க்க, அங்கிருந்தே டாக்டரோ செவிலியரோ எடுத்தாக வேண்டும். அதனால் கிட்டை வாங்கும்போதே, பாசிட்டிவ் வந்தால் எங்கே, யாரிடம் போக வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.