எதை விட்டுக்கொடுக்கிறோம்? நான்கு எண்களில் வாய்ப்புச் செலவும் வணிகமும்

எங்கள் தெருவில் தையல்கார அக்கா ஒருவர் இருக்கிறார். ஒரு மணி நேரத்தில் ஒரு ரவிக்கை தைப்பார். அதே ஒரு மணி நேரத்தில் நான்கு சேலைகளுக்கு ஃபால்ஸ் அடித்துவிடுவார். அவர் ரவிக்கைத் துணியில் சாக்பீஸால் கோடு போட்டுக் கத்தரிக்கோலை எடுக்கும்போதே, ஓரமாக மடித்து வைத்த நான்கு சேலைகள் நாளைக்குத் தள்ளிப்போய்விடுகின்றன. அவருடைய நேரத்தைப் பொறுத்தவரை ஒரு ரவிக்கையின் வாய்ப்புச் செலவு அந்த நான்கு சேலைகள். நூலுக்குக் கொடுத்த காசு கண்ணுக்குத் தெரியும். இது தெரியாது என்பதால் பலரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இது பிடிபட்டால் நாடுகள் ஏன் வணிகம் செய்கின்றன என்பதும் பாதி புரிந்துவிடும். மீதிக்கு ஒரு தாளும் பேனாவும் எடுங்கள்.

படி 1: எண்களை எழுதுங்கள்

1817-இல் டேவிட் ரிக்கார்டோ கொடுத்த உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். லண்டன் பங்குச் சந்தையில் பெரும் பணம் சம்பாதித்த பிறகு பொருளாதாரம் எழுதியவர் அவர். எண்கள் கற்பனை, ஆனால் வணிகம் உண்மை. இங்கிலாந்தும் போர்ச்சுகலும் 1703-இல் செய்துகொண்ட வணிக ஒப்பந்தத்திலிருந்தே இங்கிலாந்தின் கம்பளித் துணி போர்ச்சுகலுக்குப் போனது, போர்ச்சுகலின் ஒயின் குறைந்த வரியில் இங்கிலாந்துக்கு வந்தது.

ஒரு அளவு துணியோ ஒயினோ செய்ய ஓராண்டு முழுக்க எத்தனை ஆட்கள் வேண்டும் என்பதுதான் கணக்கு:

இங்கிலாந்து: துணி 100, ஒயின் 120
போர்ச்சுகல்: துணி 90, ஒயின் 80

இரண்டையுமே போர்ச்சுகல்தான் குறைந்த ஆட்களில் செய்கிறது. இதற்கு முழு நன்மை என்று பெயர். "அப்படியென்றால் போர்ச்சுகல் ஏன் வாங்க வேண்டும்?" என்று தோன்றும். தோன்றட்டும், கேட்க வேண்டிய கேள்விதான்.

படி 2: ஒரு நாட்டுக்குள்ளேயே வகுங்கள்

முதன்முதலாகப் படிப்பவர்கள் வழுக்கும் இடம் இதுதான். கண் தானாகவே 100-ஐயும் 90-ஐயும் ஒப்பிடப் போகும். வேண்டாம். கையால் போர்ச்சுகல் வரியை மறைத்துக்கொண்டு இங்கிலாந்தை மட்டும் பாருங்கள்.

ஒரு அளவு ஒயினுக்கு 120 ஆட்கள். அவர்களைத் துணிக்கு அனுப்பினால் 120/100, அதாவது 1.2 அளவு துணி கிடைத்திருக்கும். அதுதான் அங்கே ஒயினின் வாய்ப்புச் செலவு.

இப்போது இங்கிலாந்தை மறையுங்கள். போர்ச்சுகலில் 80/90, ஏறக்குறைய 0.89 அளவு துணி.

ஒயினுக்காகக் குறைவாக விட்டுக்கொடுப்பது போர்ச்சுகல். துணிக்குத் தலைகீழ்: இங்கிலாந்து இழப்பது 0.83 அளவு ஒயின், போர்ச்சுகல் இழப்பது 1.125. ஆக, எல்லாவற்றிலும் பின்தங்கிய இங்கிலாந்துக்கும் துணியில் ஒப்பீட்டு நன்மை, அதாவது மற்ற நாட்டைவிடக் குறைவாக விட்டுக்கொடுத்துச் செய்யும் நன்மை, இருக்கிறது. பொருளாதாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. எத்தனை முறை சொல்லிக் கொடுத்தாலும் அலுப்பதில்லை.

படி 3: மாற்று விலை

ஒரு அளவு ஒயினுக்கு 0.89-க்கும் 1.2-க்கும் இடையே எவ்வளவு துணி கைமாறினாலும் இருவருக்கும் லாபம். ரிக்கார்டோ ஒன்றுக்கு ஒன்று என்று வைத்தார். சரி, அப்படியே வைப்போம். இங்கிலாந்து 100 ஆட்களை வைத்துத் துணி நெய்து, தானே செய்தால் 120 பேர் தேவைப்படும் ஒயினைப் பெறுகிறது. 20 பேரின் ஓராண்டு உழைப்பு மிச்சம். போர்ச்சுகலுக்கு 10 பேர் மிச்சம். பங்கு சமமில்லை என்பதைக் கவனியுங்கள். விலை 1.2-ஐ நெருங்கினால் லாபத்தின் பெரும்பகுதி போர்ச்சுகலுக்கும், 0.89-ஐ நெருங்கினால் இங்கிலாந்துக்கும் போகும். நாடுகள் விலைக்காக மல்லுக்கட்டுவது இதனால்தான்.

ஒன்றை மறக்கக் கூடாது. திராட்சைத் தோட்டத்து ஆள் மறுநாளே தறியில் உட்காருவார் என்று இந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில் அது நடக்காது. நாட்டுக்கு மொத்தத்தில் லாபம் வந்தாலும், வேலை போன குடும்பத்தின் கைக்கு அது தானாக வந்து சேராது. கப்பல் கூலியும் இதில் இல்லை.

படி 4: நீங்களே போடுங்கள்

இங்கிலாந்தின் எண்கள் அப்படியே இருக்கட்டும். போர்ச்சுகலுக்குத் துணி 75, ஒயின் 90 என்று மாற்றுங்கள். இப்போதும் இரண்டிலும் போர்ச்சுகலே திறமைசாலி. வணிகத்தில் லாபம் உண்டா?

போட்டுப் பார்த்தீர்களா? 90/75-உம் 1.2, 120/100-உம் 1.2. இருவரும் விட்டுக்கொடுப்பது ஒரே அளவு. மாற்றிக்கொள்வதால் யாருக்கும் ஒன்றும் மிஞ்சாது, கப்பல் கிளம்பவே வேண்டாம்.