பழைய ஆர்கேடு கேமை போர்ட் செய்யும் முன்

காசு போட்டு ஆடும் பழைய ஆர்கேடு இயந்திர ஆட்டத்தைக் கணினிக்கோ கைபேசிக்கோ மாற்றி (அதுதான் போர்ட்) வெளியிட்டுவிட்டு, இலவசமாகத்தானே தருகிறேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 1980இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட, பேய்களிடம் சிக்காமல் பாதைகளில் ஓடிப் புள்ளிகளைத் தின்னும் பாக்-மேனுக்கு இன்னும் பதிப்புரிமை இருக்கிறது. ஆட்டத்தின் விதி யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் படம், சத்தம், நிரல் எல்லாம் உரிமையாளருடையவை. நீங்களே புதிதாக நிரல் எழுதி, வரைந்தாலும், பார்க்க அச்சு அசலாக இருந்தால் சிக்கல்தான்: 2012இல் அமெரிக்க நீதிமன்றம் விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் போலவே இருந்த மினோ என்ற ஆட்டத்துக்கு எதிராக அப்படித்தான் தீர்ப்பளித்தது.

அதனால் விதியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை நம் ஊரிலிருந்து எடுங்கள். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகிக் காட்டுக்குள் யானை இறங்குகிறதே, அந்த வரப்புகளையே பாதையாக்கி, பேய்க்குப் பதில் யானை விடலாம், அருமையாக வரும்.

அசல்தான் வேண்டுமா? சரி, உரிமையாளருக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அது அனுமதி ஆகாது. அப்புறம், பெயரையும் மாற்றுங்கள், பெயர் வணிகச் சின்னமாக இருக்கலாம், அதற்குத் தனிச் சட்டம்.