வேடந்தாங்கலுக்கு உச்சி வெயிலில் போகாதீர்கள்: குடும்பத்தோடு வெளியே கிளம்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லீவு நாளில் எங்காவது போகலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தால், எங்கே போவது என்பதிலேயே பாதி நாள் போய்விடும். எந்த மாதம், எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்பதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. பூங்கா, ஏரி, அருவி, காடு எல்லாவற்றுக்கும் தனித்தனி நேரம் உண்டு. நம் வசதிக்கு நேரத்தை வைத்துக்கொண்டு போவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்று நினைக்கிறேன். மற்ற பல தவறுகள் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்தையே எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். பிள்ளைகளை எழுப்பிக் குளிப்பாட்டி, டிபன் முடித்து, 10 மணிக்கு வண்டியை எடுத்தால் போய்ச் சேரும்போது உச்சி வெயில். பெரும்பாலான பறவைகள் விடியும்போதே இரை தேடிச் சுற்றுவட்டார ஏரிகளுக்கும் வயல்களுக்கும் பறந்திருக்கும். கூட்டில் காவலுக்கு இருக்கும் பறவைகளும் குஞ்சுகளும் தூரத்து மரங்களில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும், அவ்வளவுதான். "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று பிள்ளைகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

அதே ஏரிக்கரையில் மாலை 4 மணிக்கு மேல் நின்று பாருங்கள். நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் கூட்டம் கூட்டமாகத் திரும்பும். கூழைக்கடா அந்தப் பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு தலைக்கு மேலே வட்டமடித்து இறங்கும். நீர்க்காகம் இறக்கையை விரித்து வெயிலில் காய வைத்துக்கொண்டிருக்கும். அலகில் இரையோடு வரும் தாயைப் பார்த்துக் குஞ்சுகள் போடும் சத்தம் கரை வரை கேட்கும். ஆறு வயதுக் குழந்தைகூட அசையாமல் நின்று பார்க்கும். அதிகாலையும் நல்ல நேரம்தான். ஆனால் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு 4 மணிக்குக் கிளம்புவது எல்லா வீட்டிலும் நடக்கிற காரியமில்லை. மாலைதான் வசதி என்றால் ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டுச் சனிக்கிழமை போங்கள். ஊருக்குப் போன அத்தனை வண்டிகளும் ஞாயிறு மாலைதான் ஜிஎஸ்டி சாலையில், அதாவது திருச்சி நெடுஞ்சாலையில், சென்னைக்குத் திரும்பும்.

மாதமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பினால்தான் பறவைகள் வரும். கூடு கட்டும் மரங்களைச் சுற்றித் தண்ணீர் நின்றால்தான் முட்டைக்கும் குஞ்சுக்கும் பாதுகாப்பு. நவம்பரில் வரத் தொடங்கி மார்ச் வரை இருக்கும். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை பார்க்க நல்ல காலம். முழு ஆண்டுத் தேர்வு முடியட்டும் என்று மே மாதத்துக்குத் தள்ளிப்போட்டால் காய்ந்த ஏரியைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். அரையாண்டு விடுமுறைதான் இதற்குத் தோது. அந்த வருடம் மழை பொய்த்திருந்தால், ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

இணையத்தில் யாரோ போட்ட அருவி வீடியோவை நம்பிக் கிளம்புவதும் இதே ரகம்தான். அந்த வீடியோ எந்த மாதம் எடுத்தது என்று பாருங்கள். ஏலகிரி பக்கத்து ஜலகம்பாறையில் மழைக்காலத்தில் கொட்டுகிற தண்ணீரைப் பார்த்துவிட்டு ஏப்ரலில் போனால் வெறும் பாறைதான் இருக்கும்.

கிழமை விஷயத்தில் வண்டலூர் உயிரியல் பூங்காவும் கிண்டி சிறுவர் பூங்காவும் பலரை ஏமாற்றும். இரண்டுக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. வாரநாளில் கூட்டம் இருக்காது என்று லீவு போட்டுவிட்டுச் செவ்வாய் அன்று போய், பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்பும் குடும்பங்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. காணும் பொங்கலன்று வண்டலூருக்கும் மெரினாவுக்கும் போவது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. கூட்டத்தில் கலப்பதே மகிழ்ச்சி என்பவர்கள் தாராளமாகப் போகலாம். விலங்குகளைப் பார்க்க வேண்டுமென்றால் அது அதற்கான நாள் இல்லை.

வண்டலூர் ஏறத்தாழ 602 ஹெக்டேர். இதைத் தெரிந்துகொள்ளாமல் தாத்தா பாட்டியை நடக்க வைத்துவிடுகிறோம். பாதி வழியில் பாட்டிக்கு முட்டி வலி வந்துவிடும். "நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க, நான் இங்கேயே உட்கார்ந்துக்கிறேன்" என்று ஒரு பெஞ்சில் தங்கிவிடுவார். அழைத்து வந்த காரணமே அங்கே அடிபட்டுப் போகிறது. உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக பேட்டரி வண்டிக்கு டிக்கெட் கேளுங்கள். காலையில் கேட் திறக்கும்போதே போனால் புலியும் சிங்கமும் எழுந்து நடமாடுவதைப் பார்க்க வாய்ப்பு அதிகம். மதியம் அவை நிழலில் படுத்துத் தூங்கும்.

ஒரே நாளில் முட்டுக்காடு, முதலைப் பண்ணை, மாமல்லபுரம் என்று மூன்றையும் முடித்துவிட நினைப்பது அடுத்த தவறு. வரைபடத்தில் எல்லாம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றிலும் வண்டி நிறுத்த, டிக்கெட் எடுக்க, பிள்ளைகளைத் திரும்ப ஏற்ற என்று நேரம் கரையும். பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் ஒரு நாளுக்கு ஓர் இடம் போதும்.

தண்ணீர்

இதுவரை சொன்னதில் எது தவறினாலும் ஒரு நாள் வீணாகும், அவ்வளவுதான். தண்ணீரில் தவறினால் உயிர் போகும்.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும், மேலே மலையில் பெய்த மழை சிறிது நேரத்தில் கீழே வந்துவிடும். தெளிவாக விழுந்துகொண்டிருந்த தண்ணீர் கலங்கினாலோ, இலையும் குச்சியும் அடித்துக்கொண்டு வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ அந்த நிமிடமே வெளியே வந்துவிட வேண்டும். பையை எடுக்க, செருப்பை எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது. குளிக்கத் தடை என்று போலீஸ் கயிறு கட்டியிருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று கெஞ்சாதீர்கள்.

ஆறு பார்க்க அமைதியாக இருப்பதால் இன்னும் ஆபத்து. காவிரியிலும் கொள்ளிடத்திலும் மணல் அள்ளிய இடங்களில் முழங்கால் ஆழம் ஓர் அடி தள்ளி ஆள் முழுகும் பள்ளமாகிவிடும். மேலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டை அதைவிட மோசம். கரை செங்குத்தாக இறங்கும், கால் ஊன்ற இடமிருக்காது, ஏறிவரப் பிடிமானமும் இருக்காது. நீச்சல் தெரிந்தவர்களும் அங்கே மாட்டிக்கொள்கிறார்கள். எந்த இடத்தில் இறங்கலாம், எங்கே கூடாது என்று உள்ளூர்க்காரர் ஒருவரிடமாவது கேளுங்கள். துணி துவைக்க வந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கும், மாடு குளிப்பாட்டுகிறவருக்குத் தெரிந்திருக்கும்.

கடலில் கரையிலிருந்து உள்நோக்கி இழுக்கும் நீரோட்டம் உண்டு. அதில் சிக்கினால் நேராகக் கரையை நோக்கி நீந்திக் களைத்துப்போகக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து இழுப்பிலிருந்து விலகிய பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். மெரினாவில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒருவர் தத்தளித்தால் அவரைக் காப்பாற்ற இன்னொருவர், அவரைக் காப்பாற்ற மூன்றாமவர் என்று ஒரே குடும்பத்தில் பல பேர் போன செய்திகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். நீச்சல் தெரியாதவர் குதிக்கவே கூடாது. முழுகுகிறவர் கையில் கிடைப்பதை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். அது நீங்களாக இருந்தால் இருவரும் முழுகுவீர்கள். புடவை, துப்பட்டா, வேட்டி, நீளக் கம்பு, மூடிய காலித் தண்ணீர்க் கேன் எது கிடைத்தாலும் கரையில் நின்றபடி நீட்டுங்கள், வீசுங்கள். பக்கத்தில் இருப்பவர்களைச் சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள். இதை வண்டியிலேயே, போகும் வழியிலேயே வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

படகுக்கும் இதேதான். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் குடும்பமாகப் பொழுதுபோக்க வந்து ஒரே படகில் ஏறிப் போனவர்களில் 22 பேர் இறந்தார்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாத படகில் ஏறாதீர்கள். படகோட்டி "ஒண்ணும் ஆகாது சார்" என்றாலும், கூட இரண்டு பேரை ஏற்றிக்கொள்ளச் சொல்லாதீர்கள். பிச்சாவரம் போனால் குழந்தையின் அளவுக்குச் சரியான ஜாக்கெட் கேட்டு வாங்கி, கீழ்ப் பட்டை வரை மாட்டிவிடுங்கள். தோளில் தொங்கவிட்டால் தண்ணீரில் விழுந்ததும் அது கழன்று வந்துவிடும்.

சாப்பாடும் குரங்கும்

கட்டுச்சோறு கொண்டு போவது நல்ல பழக்கம். என்ன கட்டுகிறோம் என்பதில்தான் தவறு நடக்கிறது. தேங்காய்ச் சட்னியும் உருளைக்கிழங்கு மசாலும் கோடை வெயிலில் மூடிய வண்டிக்குள் சீக்கிரமே கெட்டுவிடும். புளியோதரை தாங்கும். எலுமிச்சை சாதம் மதியம் வரை நிற்கும். நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி தடவிய இட்லி இரவு வரைகூட இருக்கும். தயிர் சாதத்துக்குக் காலையில் பாலை ஊற்றிப் பிசைந்து, ஒரே ஒரு கரண்டி தயிர் சேர்த்தால் போதும். மதியம் திறக்கும்போது புளிக்காமல் சரியாக உறைந்திருக்கும். பாக்குமட்டைத் தட்டும் வீட்டு டம்ளரும் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. நீலகிரியில் சோதனைச் சாவடியிலேயே தண்ணீர் பாட்டிலை வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

மிச்சமான சோற்றைக் குரங்குக்கும் மானுக்கும் போடுவது புண்ணியம் என்று நம்மில் பலர் மனதார நம்புகிறோம். அந்த நல்ல மனசுதான் அவற்றைக் கொல்கிறது. சோறு கிடைக்கிறதென்று குரங்குகள் காட்டை விட்டு மலைச் சாலை வளைவுகளில் வந்து உட்கார்ந்து வண்டியில் அடிபடுகின்றன. மனிதன் கையில் இருப்பதெல்லாம் தனக்குத்தான் என்று பழகிய குரங்கு, ஒரு நாள் பிஸ்கட் வைத்திருக்கும் குழந்தையின் மேல் பாயும். உணவு வாசனை ஒட்டிய பிளாஸ்டிக் கவரை மான் அப்படியே மென்று விழுங்கிவிடும். அது வயிற்றில் அடைத்துக்கொண்டு இரை செரிக்காமல் சாகும். எலும்பும் சோறும் மிஞ்சினால் டப்பாவில் போட்டு வீட்டுக்கே கொண்டு வாருங்கள்.

குரங்கு கடித்தாலோ நகத்தால் கீறினாலோ மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு வேலையைப் பார்க்கக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநாய்க்கடிக்குப் போடும் அதே தடுப்பூசி இதற்கும் வேண்டியிருக்கும்.

ஸ்பீக்கரில் பாட்டு போடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேடந்தாங்கல் ஊர்க்காரர்கள் பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. பறவைகளைச் சுடவந்தவர்கள்மேல் ஆட்சியரிடம் முறையிட்டு, 1798-லேயே பாதுகாப்பு உத்தரவு வாங்கிய ஊர் அது. அந்தக் கரையில் நின்று சத்தம் போடுவதும், பறவை எழுந்து பறக்கட்டும் என்று கல் எறிவதும் அவர்கள் பாடுபட்டுக் காத்துவந்ததை அவமதிப்பது. கல் எறியும் பிள்ளையை அதன் அப்பாவே தடுக்க வேண்டும், காவலர் வரும்வரை காத்திருக்கக் கூடாது.

கழிப்பறை

யாரும் திட்டத்தில் சேர்க்காத விஷயம் இது. கழிப்பறை எப்படி இருக்குமோ என்று பயந்து, காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வரும் அம்மாக்களும் அக்காக்களும் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். வெயிலில் அவர்களுக்குத்தான் முதலில் தலைசுற்றும். நீர்க்கடுப்பும் வரும். போகும் வழியில் எந்தப் பெட்ரோல் பங்க்கில், எந்த ஓட்டலில் வண்டியை நிறுத்துவது என்று முன்பே முடிவு செய்து வீட்டில் சொல்லிவிடுங்கள். அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்காமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நீங்களே நிறுத்துங்கள்.

அப்புறம், கூட்டமான பூங்காவுக்குள் நுழையும் முன் பிள்ளைகளை அன்றைய உடையோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தொலைந்துவிட்டால் என்ன நிறச் சட்டை என்று பதற்றத்தில் ஞாபகம் வராது. கையில் பேனாவால் போன் நம்பரை எழுதிவிட்டு, வழி தவறினால் அங்கே இங்கே தேடி ஓடாமல் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், இல்லையென்றால் காக்கிச் சட்டை போட்ட காவலரிடம் கையைக் காட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள்.