நியூட்ரான் மூலத்தைக் கொண்டு அளவிகளைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நியூட்ரான் அளவி சரியாகக் காட்டுகிறதா என்பதை அறிய, நொடிக்கு எத்தனை நியூட்ரான்களை வெளிவிடுகிறது என்று தெரிந்த கதிரியக்க மூலத்தின் முன் அதை வைத்துப் பார்க்கிறார்கள். ஆய்வகங்களில் பெரும்பாலும் காணப்படுபவை இரண்டு மூலங்கள்: அமெரிசியம்-241 உமிழும் ஆல்பா துகள் பெரிலியத்தில் மோதி நியூட்ரானை வெளிப்படுத்தும் அமெரிசியம்-பெரிலியம் ஒன்று, தானாகவே பிளவுறும் கலிஃபோர்னியம்-252 மற்றொன்று. எதிர்பார்த்த எண் வராதபோது நாம் உடனே அளவியைக் குறை சொல்லி அதன் திருகைத் திருப்பத் தொடங்குகிறோம். உண்மையில் முதலில் சந்தேகிக்க வேண்டியவை மூலத்தின் வெளியீட்டைக் குறிப்பிடும் சான்றிதழும், சோதனை நடக்கும் அறையும்தான்.

சான்றிதழில் உள்ள எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வது மிகச் சாதாரணமாக நேரும் தவறு. அமெரிசியத்தின் அரை ஆயுட்காலம் சுமார் 432 ஆண்டுகள் என்பதால் அங்கே இந்தக் கவனக்குறைவு தண்டிக்கப்படுவதில்லை. அந்தப் பழக்கத்தோடு கலிஃபோர்னியத்துக்கு வருபவர்தான் மாட்டிக்கொள்கிறார். அதன் அரை ஆயுட்காலம் 2.645 ஆண்டுகளே. ஜனவரியில் தரப்பட்ட எண்ணை ஜூனில் திருத்தாமல் பயன்படுத்தினால், மூலம் அதற்குள் 10 சதவீதம் வலுவிழந்திருக்கும். நல்ல நிலையில் இருக்கும் அளவி குறைவாகக் காட்டுவதாகத் தோன்றும். அதை 'சரிசெய்து' அனுப்பினால், களத்தில் அது 11 சதவீதத்துக்கும் மேல் கூடுதலாகக் காட்டிக்கொண்டிருக்கும். மிகப் பழைய மூலங்களில் சிதைவுக் கணக்கு மட்டும் போதாது. 13 ஆண்டு அரை ஆயுள் கொண்ட கலிஃபோர்னியம்-250 அதில் சிறிதளவு கலந்திருப்பதால், காலம் செல்லச் செல்ல அதன் பங்கு கூடிவிடும். அப்போது வெளியீட்டை மறுபடியும் அளந்தாக வேண்டும். பழைய புளூட்டோனியம்-பெரிலியம் மூலம் இதற்கு நேர்மாறானது: அதிலுள்ள புளூட்டோனியம்-241 அமெரிசியமாக மாறுவதால், வயதாக ஆக அது வலுக்கவே செய்யும்.

தூரத்தை அளவியின் முகப்பிலிருந்து அளப்பது இன்னொரு தவறு. பாலித்தீன் உருண்டைக்குள் நியூட்ரானை எண்ணும் ஹீலியம்-3 வாயுக் குழாய் பொதிந்த அளவியின் விட்டம் 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூலத்திலிருந்து உருண்டையின் முகப்பு 50 சென்டிமீட்டரில் இருந்தால், அதன் மையம் 60 சென்டிமீட்டரில் இருக்கிறது. தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் கதிரில் இந்த வேறுபாடு 1.44 மடங்கு.

அறை செய்யும் குழப்பம் இதைவிட நுட்பமானது. நொடிக்கு 22 லட்சம் நியூட்ரான்களை வெளிவிடும் அமெரிசியம்-பெரிலியம் மூலம் 1 மீட்டர் தூரத்தில் மணிக்கு ஏறத்தாழ 25 மைக்ரோசீவர்ட் (கதிர்வீச்சு ஏற்பளவின் அலகு) அளவைத் தர வேண்டும். ஆனால் சிறிய கான்கிரீட் அறையில் அளவி அதைவிட அதிகம் காட்டும், ஏனெனில் சுவரிலும் தரையிலும் மோதித் திரும்பும் நியூட்ரான்களையும் அது சேர்த்தே எண்ணுகிறது. மரமேசையின் மீது வைத்து ஒருமுறையும், மெல்லிய அலுமினியத் தாங்கியின் மீது வைத்து ஒருமுறையும் அளந்து பாருங்கள். மரத்திலுள்ள ஹைட்ரஜன் செய்யும் வேலை தெரியும். பக்கத்தில் நின்று எட்டிப் பார்ப்பவரின் உடலும் அதே வேலையைத்தான் செய்கிறது. அளவியை மெல்லப் பின்னுக்கு நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் காட்டும் எண்ணைத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்குங்கள்: விடை மாறாமல் இருந்தால் சிதறல் பொருட்படுத்தத் தக்கதல்ல, ஏறிக்கொண்டே போனால் அறை பேசுகிறது என்று பொருள். அப்போது முன்பகுதி இரும்பாலும் பின்பகுதி பாலித்தீனாலும் ஆன நிழற்கூம்பை இடையில் நிறுத்தி, நேர்க்கதிரை மறைத்துச் சிதறலை மட்டும் தனியே அளந்து கழிக்க வேண்டும். கூம்பு அளவியை முழுதும் மறைக்க வேண்டும். ஆனால் தேவைக்கு மேல் அகலமாக இருந்தால் கழிக்க வேண்டிய சிதறலையே அது விழுங்கிவிடும்.

எண்ணிக்கையில் அவசரமும் கூடாது. 100 எண்ணிக்கையோடு நிறுத்தினால் புள்ளியியல் பிழையே 10 சதவீதம். 10,000 வரை காத்திருந்தால் அது 1 சதவீதமாகும்.

பாதுகாப்பில் காணும் பிழைகள் பெரும்பாலும் காமா மூலங்களோடு பழகிய கைகளிடமிருந்தே வருகின்றன. ஈயப் பெட்டி வேக நியூட்ரானை ஏறக்குறைய அப்படியே வெளியே விட்டுவிடும். பாரஃபின், பாலித்தீன் போன்ற ஹைட்ரஜன் மிகுந்த பொருள்களே அதை மெதுவாக்கும். உடலில் படும் கதிர்வீச்சைப் பதிவுசெய்ய அணியும் பதக்கங்களில் காமாவுக்கானதை மட்டும் அணிந்துகொண்டு உள்ளே செல்வதும் தவறு. வேக நியூட்ரானுக்கு சிஆர்-39 என்ற பிளாஸ்டிக்கால் ஆனது போன்ற தனிப் பதக்கம் வேண்டும்.

கடைசியாக, ஆற்றலை மறப்பது. கலிஃபோர்னியம் நியூட்ரான்களின் சராசரி ஆற்றல் 2 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்றே மேல். அமெரிசியம்-பெரிலியத்துக்கு அது 4-க்கும் சற்று மேல். அணு உலைக் கவசத்துக்கு வெளியே வரும் நியூட்ரான்களோ பலமுறை மோதித் தளர்ந்தவை. அந்த இடைநிலை ஆற்றல்களில் பாலித்தீன் உருண்டை வகை அளவிகள் உண்மையைவிடப் பல மடங்கு கூடக் காட்டக்கூடும். ஆகவே, களச்சூழலுக்கு நெருக்கமாக இருக்கட்டும் என்று, காட்மியம் போர்த்திய, நியூட்ரான்களை மெதுவாக்கும் 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள கனநீர்க் கோளத்தின் நடுவே கலிஃபோர்னியத்தை வைத்தும் சோதிப்பதுண்டு. எந்த மூலம், எந்தத் தேதியில் எவ்வளவு வெளியீடு, எவ்வளவு தூரம், சிதறல் கழிக்கப்பட்டதா என்ற நான்கையும் எழுதாமல் 'சரியாக உள்ளது' என்று மட்டும் முத்திரை குத்திய தாள், உலைக்கு அருகே அந்த அளவியைப் பிடித்து நிற்பவருக்கு எந்தத் திருத்தத்துக்கும் வழி தராது.